பட்டுப்புழுக் கொட்டகையில் இருபத்து நான்கு படங்கள்

ஓசூரில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் எனக்கு வேலை. படம் எடுப்பதும் அந்த வேலையில் சேர்த்திதான். கீறல் விழுந்த கியர், துளை தள்ளிப்போன தகடு, மரை தேய்ந்த போல்ட் என்று ஒவ்வொன்றையும் அளவுகோலோடு சேர்த்து வைத்து நான்கு பக்கமும் போனில் எடுத்து அனுப்ப வேண்டும். ஒருநாள் போனில் இடம் இல்லை என்று எச்சரிக்கை வந்தபோது எண்ணிப் பார்த்தேன். பதினோராயிரம் படங்கள் இருந்தன. அவற்றில் நான் மறுபடி பார்க்க விரும்புபவை எவை என்று பட்டியல் எழுத உட்கார்ந்தேன். ஒன்பதுக்கு மேல் போகவில்லை.

ஃபிலிம் கேமரா வாங்கியது அதற்கு அடுத்த மாதம். பெங்களூரில் பழைய கேமரா விற்கும் கடையில் கிடைத்தது. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தது. வெளிச்சத்தை அளக்க மட்டும் ஒரு பொத்தான் பேட்டரி, மற்றதெல்லாம் பல்சக்கரமும் சுருள்வில்லும். அதில் எனக்குப் பிடித்தவற்றை அப்போது ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்தேன். முப்பத்தாறு படம்தான் என்பது. நெம்புகோலைத் தள்ளும்போது உள்ளே பல் பிடிப்பது விரலுக்குத் தெரிவது. எடுத்ததை உடனே பார்க்க முடியாது என்பது. அதே நோட்டில்தான் ஒவ்வொரு படத்துக்கும் எண் போட்டு, எங்கே, எதை, என்ன வேகத்தில் எடுத்தேன் என்று குறித்துக்கொண்டும் வந்தேன்.

எங்கள் வீடு அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போகும் மண் பாதையில் இருக்கிறது. அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய பன்னிரண்டு வயது மகள். இரண்டு ஏக்கர் மல்பெரியும் பட்டுப்புழு வளர்க்கும் கொட்டகை ஒன்றும் இருக்கின்றன. சனிக்கிழமை சாயங்காலம் ஓசூரில் பஸ் ஏறி, ஞாயிறு அங்கே இருந்துவிட்டுத் திரும்புவேன். கேமராவை முதல்முறை கொண்டுபோனபோது அண்ணிதான் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க, எடுத்ததைக் காட்டு."

"பார்க்க முடியாதுங்க அண்ணி. கழுவினாத்தான் தெரியும்."

"எடுத்த உனக்கேவா?"

"எனக்கும்தான்."

"இதுக்குப் போயி காசு குடுத்தியா?" என்று சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஆனால் அவர் அதை மறக்கவில்லை. சில வாரம் கழித்து, நாங்கள் இரண்டு பேரும் மல்பெரி கிளை வெட்டிக் கட்டிக்கொண்டிருந்தபோது என்னிடம் கேட்டார். நாத்தனாரான என்னை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

"பாப்பா, அந்தக் கேமராவுல எடுத்தா டிவிக்குப் போகாதுல்ல?"

அது விளையாட்டுக் கேள்வி இல்லை. எங்கள் வீட்டில் யார் போனில் எடுத்தாலும் படம் அண்ணனுடைய ஒரே கணக்கில் போய்ச் சேரும். அந்தக் கணக்கை அவர் மகள் டிவியோடு இணைத்து வைத்திருந்தாள். டிவி சும்மா இருந்தால் படங்கள் ஒவ்வொன்றாக வந்து போகும். அண்ணியின் கழுத்தில் வந்த படையை டாக்டருக்கு அனுப்ப எடுத்த படம், ஒருநாள் சொந்தக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது சுவர் அகலத்துக்கு வந்து நின்றது. எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்துக்கொண்டே போய் டிவியின் வயரைப் பிடுங்கினார்.

"எங்கேயும் போகாதுங்க. ஃபிலிமுலயே இருக்கும்."

"அப்படின்னா அடுத்த தரம் வர்றப்ப உன் கம்பெனி டிரெஸ் ஒரு செட்டு எடுத்துட்டு வா. ஷூவும் சேத்து."

"எதுக்குங்க அண்ணி?"

"போட்டுப் பாக்கத்தான். வேறெதுக்கு?"

கிளைக் கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார்.

அண்ணி பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்தவர். படிப்பு முடிந்த கையோடு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்கு உத்தரவு வந்திருக்கிறது. உத்தரவு ஆடியில் வந்தது, கல்யாணம் ஆவணியில். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அவர் கொண்டுவந்த சான்றிதழ்ப் பையில் அந்தக் கடிதத்தை நானே பார்த்திருக்கிறேன். போகக் கூடாது என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. ஒரு வருசம் போகட்டும் என்றார்கள், பிறகு குழந்தை பிறந்தது, பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் படித்து, அதே ஊரில், அதே மாதிரி வேலைக்குப் போனேன். என் முதல் நாளுக்குச் சீருடையை இஸ்திரி போட்டுக் கொடுத்தது அவர்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் பட்டுக்கூட்டை ஏற்றிக்கொண்டு தருமபுரிக்குப் போயிருந்தார். மகள் பள்ளிக்கூடத்தில். அம்மா கோயிலுக்கு. கூடு எடுத்து முடித்துப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி விட்டிருந்ததால் கொட்டகை காலியாக இருந்தது. புழு இருக்கும் நாட்களில் வெளியாள் யாரையும் உள்ளே விடமாட்டார்கள்; காலி நாட்களில் யாரும் வருவதில்லை. சாவி அண்ணியிடம்தான் இருக்கும். வெள்ளையடித்த சுவர், நைலான் வலை அடித்த ஜன்னல், அதன் வழியாக எங்கும் நிழல் விழாத ஒரு வெளிச்சம். நான் அதுவரை அங்கே படம் எடுக்க நினைத்ததே இல்லை.

அண்ணி, புழுத் தட்டு வைக்கும் அடுக்குக்குப் பின்னால் போய், நான் கொண்டுவந்த சீருடையை மாற்றிக்கொண்டு வந்தார். சாம்பல் நிறப் பேன்ட்டின் கீழ்ப்பகுதி உள்பக்கமாக இரண்டு மடிப்பு. நீலச் சட்டையை இன் பண்ணியிருந்தார். ஷூ ஒரு அளவு பெரிது என்பதால் முன்னால் துணி அடைத்திருந்தார். கூந்தலைக் கொண்டை போட்டிருந்தார்.

"எப்படி இருக்கேன்?"

"புதுசா சேர்ந்த ட்ரெய்னி மாதிரி இருக்கீங்க அண்ணி."

"ட்ரெய்னியா? பதினாலு வருச சர்வீஸ் பாப்பா எனக்கு. இன்சார்ஜுன்னு சொல்லு." உடனே என் கழுத்தைப் பார்த்தார். "அந்தக் கார்டையும் கழட்டு."

விடுப்பு நாளிலும் பழக்கத்தில் நான் மாட்டி வந்திருந்த அடையாள அட்டையை வாங்கி மாட்டிக்கொண்டு, என் முகம் இருந்த பக்கத்தை உள்ளே திருப்பி விட்டார்.

முதல் ஐந்தாறு படம் பாஸ்போர்ட்டுக்கு நிற்பதுபோல் நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பிறகு மூலையில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் தட்டை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"யாருப்பா இதைப் பாஸ் பண்ணது? லைனை நிறுத்து. கூப்புடு அந்த சூப்பர்வைசரை."

நான் சிரித்ததில் கேமரா ஆடியது. அதற்குப் பிறகு அவர் என்னை மறந்துவிட்டார். அடுக்குகளுக்கு நடுவே நடந்தார், இல்லாத மெஷினைக் குனிந்து பார்த்தார், இல்லாத ஆளைத் திட்டினார். இடது காலை முன்னே வைத்து இடுப்பில் கை ஊன்றி நின்றார். பதினேழாவது படத்தில் அவருடைய பேச்சுக்கு அவரே வாய்விட்டுச் சிரித்தார். நோட்டில் "17: சிரிப்பு" என்று எழுதினேன். மற்றவற்றுக்கு எழுதியதுபோல் அதற்கு வேகமும் வெளிச்சமும் எழுத எனக்குத் தோன்றவில்லை.

"இதை யாருக்கும் காட்ட மாட்ட இல்ல?"

"மாட்டங்க அண்ணி. கடையில கூடக் கழுவக் குடுக்க மாட்டேன். நானே கழுவுறேன்."

"ஒண்ணே ஒண்ணு போட்டோவா போட்டுக் குடு. பீரோல வெச்சுக்கறேன். எப்பவாவது எடுத்துப் பாத்துக்கறேன், அவ்வளவுதான்."

இருபத்து நான்காவது படம் எடுத்ததும் பாதையில் அண்ணனின் வண்டிச் சத்தம் கேட்டது. எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் திரும்பிவிட்டார். அண்ணி அடுக்குக்குப் பின்னால் ஓடினார். மீதிப் பன்னிரண்டு போகட்டும் என்று நான் ஃபிலிமைச் சுற்றத் தொடங்கினேன்.

இங்கே நான் செய்த தவறைச் சரியாகச் சொல்ல வேண்டும். எடுத்து முடித்த ஃபிலிமை அதன் டப்பிக்குள் திரும்பச் சுற்ற வேண்டும். கடைக்கு அனுப்புவதென்றால் முழுவதையும் உள்ளே சுற்றிவிடலாம். நாமே கழுவுவதென்றால் நுனியை மட்டும் வெளியே விட்டுச் சுற்றினால் வேலை சுலபம். ஆனால் புது ஃபிலிமும் நுனி நீட்டிக்கொண்டுதான் இருக்கும். குழப்பம் வராமல் இருக்க, எடுத்து முடித்ததன் நுனியை உடனே மடித்துவிட வேண்டும். நானே கழுவப்போவது அதுதான் முதல்முறை என்பதால் இரண்டையும் நோட்டில் எழுதி வைத்திருந்தேன்: நுனியை வெளியே விடு, நுனியை மடி. முதலாவதைச் செய்தேன். இரண்டாவதற்குள் அண்ணன் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டார். டப்பியை அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். பையில் அதே வகையில் ஒரு புது ஃபிலிம் ஏற்கெனவே இருந்தது.

அடுத்த ஞாயிறு, ஃபிலிமில் எடுக்கும் நண்பர்கள் நாலு பேரோடு ஒகேனக்கல் போனேன். பஸ் வளைவுகளில் ஆடிக்கொண்டிருந்தபோது, பைக்குள் கைவிட்டு எட்டிய டப்பியை எடுத்து மாட்டினேன். பரிசல், பரிசலைக் கவிழ்த்துத் தலையில் தூக்கிப்போகும் ஓட்டிகள், அருவி, மீன் பொரிக்கும் கடைகள் என்று முப்பத்தாறையும் எடுத்து முடித்தேன். நல்ல நாள் அது. அன்று நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அதற்கடுத்த விடுமுறையில் ஓசூர் அறையின் குளியலறையில் வைத்து அண்ணியின் ஃபிலிம் என்று நினைத்ததை முதலில் கழுவினேன். வெளியே எடுத்தபோது கண்ணாடிபோல் வெறுமையாக இருந்தது. மருந்தில் தவறா, கேமராவில் தவறா என்று இரண்டு மணி நேரம் யோசித்தேன். அப்புறம் கை தானாக மற்ற டப்பியை எடுத்தது. அதைக் கழுவிக் கொடியில் தொங்கவிட்டபோது, கணக்குத் தெரிந்தது: பஸ்ஸில் நான் புதுசென்று மாட்டியது அண்ணியின் ஃபிலிம்தான். முதல் இருபத்து நான்கிலும் அண்ணியின் மேல் காவிரி ஓடியது. கடைசிப் பன்னிரண்டு மட்டும் சுத்தமாக இருந்தன. அவற்றில் வெறும் தண்ணீரும் பாறையும்.

இரண்டு முறை அண்ணி போனில் கேட்டார்.

"கழுவியாச்சா பாப்பா?"

"இன்னும் இல்லைங்க அண்ணி. மருந்து வரணும்."

"செரி, மெதுவா செய்யி. அவசரமில்ல."

தவறு நடந்ததற்கு எனக்குக் காரணம் சொல்ல முடியும். பொய் சொன்னதற்கு முடியாது. அதற்குப் பிறகு செய்ததற்கு நிச்சயமாக முடியாது.

என்னால் தாங்க முடியாமல், ஒகேனக்கலுக்கு வந்த நண்பர்களில் ஒருத்திக்கு ஒரு படத்தை ஸ்கேன் செய்து அனுப்பினேன். பதினொன்றாவது படம். அண்ணி இடுப்பில் கை ஊன்றி நிற்கிறார். நெஞ்சுக்கு மேல் ஒரு பரிசல் மிதக்கிறது. முகத்தில் பாதி அருவியின் நுரை. "வேற லெவல்" என்று பதில் வந்தது. வேண்டுமென்று எடுத்தாலும் இப்படி அமையாது, ஃபிலிமின் அழகே இந்த மாதிரிப் பிழையில்தான் இருக்கிறது, இதைப் போடாமல் வைத்திருந்தால் பாவம் என்றாள். நான் அந்தப் பேச்சை நம்ப விரும்பினேன். அது அழகு என்றால், நான் எதையும் கெடுக்கவில்லை என்று ஆகிவிடும். முகம் யாருக்கும் அடையாளம் தெரியாது என்று பெரிதாக்கிப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டு, இணையத்தில் என் படப் பக்கத்தில் போட்டேன். அதுவரை நான் போட்ட எந்தப் படத்துக்கும் அவ்வளவு பேர் பாராட்டியதில்லை. மதிய இடைவேளையில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் நன்றி எழுதினேன்.

அண்ணனின் போனில் என் பக்கத்தைத் தவறாமல் பார்ப்பவள் அவர் மகள். முகத்தை நான் சரிபார்த்தேன், நிற்கும் விதத்தைச் சரிபார்க்கவில்லை. இடுப்பில் கை ஊன்றி, இடது கால் முன்னே வைத்துத் தினமும் தன்னை அதட்டுகிறவரை அவளுக்குத் தெரியாதா? "எங்கம்மா ரகசியமா ஓசூர்ல வேலை பாக்குறாங்க" என்று எழுதி, சிரிக்கும் பொம்மைகள் நாலைந்தை ஒட்டி, சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கும் குழுவில் போட்டுவிட்டாள். அவளுக்கு அது பெருமை. நான் என் பக்கத்திலிருந்து படத்தை நீக்கியபோது அது முப்பது போன்களில் இருந்தது. டிவியிலும் வந்திருக்கும்.

அந்த வாரக் கடைசியில் கடத்தூரில் சித்தப்பாவின் பேரனுக்குக் காதுகுத்து. நான் ஓசூரிலிருந்து நேராக மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அண்ணியும் அண்ணனும் அம்மாவும் அப்போதுதான் உள்ளே நுழைந்துகொண்டிருந்தார்கள். வாசலில் நின்று வரவேற்றுக்கொண்டிருந்த சித்தப்பா இரண்டு கையையும் கூப்பினார்.

"வாங்க மேடம், வாங்க. ஷிப்ட்டு முடிஞ்சுதுங்களா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். உள்ளே உட்கார்ந்திருந்த அத்தை ஒருவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"ஏம்மா, பேன்ட்டு சட்டையை எங்க வெச்சுட்டு வந்த? நாங்க பாக்கலாம்னு காத்துக்கிட்டு இருந்தா, புடவையில வந்து நிக்கற?"

"லீவு போட்டுட்டு வந்திருக்காங்க அத்த," என்றார் அண்ணன். அவருக்கும் சிரிப்புத்தான். அவர் கெட்டவர் இல்லை. அங்கே இருந்த யாருமே கெட்டவர்கள் இல்லை.

அம்மாவுக்கு மட்டும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். "ஏதோ ஆசைக்கு ஒரு தரம் போட்டுக்கிச்சு. வுடுங்களேன்" என்றார். அதற்கு முன்னைவிடப் பெரிதாகச் சிரித்தார்கள்.

அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சித்தப்பாவைப் பார்த்தார்.

"ஓவர்டைம் பாத்துட்டு நேரா வரேனுங்க மாமா. பசி தாங்கல. பந்தியில இன்சார்ஜுக்குன்னு ஒரு எலை தனியா போடச் சொல்லுங்க."

மண்டபத்தின் முன்பாதி முழுவதும் சிரித்தது. அவரும் சிரித்தார். இன்சார்ஜ் என்ற வார்த்தையைக் கொட்டகைக்குள் அவர் சொன்னபோது நான் ஒருத்திதான் கேட்டிருந்தேன். அன்று மாலை வரை பாத்திரம் எடுத்துக் கொடுத்தார், பூ கட்டினார், குழந்தை அழுதபோது தூக்கி வைத்துக்கொண்டார். என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

அடுத்த ஞாயிறு வீட்டுக்கு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனேன். கூடத்தில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து, அண்ணியிடம் நடந்ததை வரிசையாகச் சொன்னேன். நுனியை மடிக்காதது, ஒகேனக்கல், வெறுமையாக வந்த ஃபிலிம், மருந்து வரவில்லை என்ற பொய், நண்பிக்கு அனுப்பியது, பக்கத்தில் போட்டது.  பிறகு அவர் இருபத்து நான்கையும் லேப்டாப்பில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"இதுல தண்ணியை மட்டும் எடுத்துட்டு என்னை வெச்சுக்க முடியாதா? கம்ப்யூட்டர்ல எல்லாம் பண்றாங்களே."

"முயற்சி பண்ணேங்க அண்ணி. ரெண்டு வெளிச்சமும் ஒரே இடத்துல பட்டிருக்கு. எது உங்களோடது, எது தண்ணியோடதுன்னு ஃபிலிமுக்கே தெரியாது. கம்ப்யூட்டரு புதுசா ஒரு முகத்தை வரைஞ்சு வைக்கும். அது நீங்களா இருக்காது."

தலையாட்டினார். ஒரு படத்தில் நிறுத்தினார். முகம் இருக்க வேண்டிய இடம் முழுவதும் அருவி.

"இதுல நான் சிரிச்சனில்ல?"

"ஆமாங்க. பதினேழாவது."

"நல்லா இருந்துதா?"

"இருந்துச்சுங்க அண்ணி."

 அடுத்த கூடு எடுத்துக் கொட்டகை காலியானதும் மறுபடி எடுக்கலாம், இந்த முறை எந்தத் தவறும் வராது, டிரெஸ்ஸைக்கூட இங்கேயே விட்டுப்போகிறேன் என்றேன்.

"வேண்டாம் பாப்பா. இனிமே அந்தச் சட்டையை மாட்டுனா எனக்கே சிரிப்பு வந்துரும்."

கோபமில்லாமல், கணக்குச் சொல்வதுபோல் சொன்னார். லேப்டாப்பை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்துகொண்டார்.

அதற்குப் பிறகு இரண்டு முறை கூடு எடுத்தாகிவிட்டது. அண்ணி என்னிடம் முன்போலத்தான் இருக்கிறார். பஸ் ஏறும்போது பையில் முறுக்கு வைக்கிறார், ஓசூரில் ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று கேட்கிறார். போன பொங்கலுக்கு வாசலில் எல்லோரும் நின்றபோது அம்மா என்னைக் கேமராவை எடுத்துவரச் சொன்னார். நான் கண்ணில் வைத்ததும் அண்ணி கரும்பைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒதுங்கினார்.

"என்னை வுட்டுட்டு எடு பாப்பா."

அண்ணன் கூப்பிட்டார், மகள் கையைப் பிடித்து இழுத்தாள். அடுப்பில் வேலை இருக்கிறது என்று சிரித்தபடியே கையை விடுவித்துக்கொண்டு, கதவுப் பக்கமாக இரண்டு அடி நகர்ந்து நின்றார்.

"இப்ப படத்தை வுட்டு வெளிய வந்துட்டனா?"

கேமராவின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவருடைய முந்தானை ஓரம் மட்டும் தெரிந்தது. "இன்னும் கொஞ்சம்" என்றுதான் சரியாகச் சொல்ல வேண்டும்.

"வந்துட்டீங்க அண்ணி," என்றேன்.

அவர் அதை நம்பாமல் இன்னும் ஒரு அடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.